கேடயத்தில் கூழைக்கடா: குலச்சின்னப் பறவையை வரையும் முறை

ஐரோப்பியக் குலச்சின்னங்களில் கூழைக்கடாவுக்கு அடையாளம் ஒன்றே: கொக்கிபோல் வளைந்த கழுத்து, தன் மார்பையே குத்தும் அலகு. பசித்த குஞ்சுகளுக்குத் தாய் தன் நெஞ்சைக் கிழித்து இரத்தம் ஊட்டுகிறது என்ற பழைய நம்பிக்கையில் பிறந்த வடிவம் இது. இடைக்காலக் கிறிஸ்தவர்கள் அதில் இயேசுவின் தியாகத்தைக் கண்டார்கள். ஆயர் ரிச்சர்ட் ஃபாக்ஸின் சின்னத்தில் நீலப் பரப்பில் பொன்னிறக் கூழைக்கடா இருந்தது. அவர் 1517-இல் ஆக்ஸ்போர்டில் நிறுவிய கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் கேடயத்திலும் அதைக் காணலாம். நாமும் அந்த நிறங்களையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கூந்தன்குளத்தில் பார்த்த கூழைக்கடாவை மனதில் வைத்து வரையாதீர்கள். நீண்ட அலகும் தொங்கும் பையும் போட்டால் அலகை மடக்கி மார்புக்குக் கொண்டுவர இடமே இருக்காது. பழைய ஓவியர்கள் வரைந்த பறவைக்குக் கழுகின் உடல், கொக்கின் கழுத்து, குட்டையான கூர் அலகு. குலச்சின்னக் கலையில் சின்னத்தை முடிவுசெய்வது ஒரே ஒரு மூலப் படம் அல்ல, 'பிளேசன்' எனப்படும் சொல்விவரம்தான். அதனால் முதலில் சொல்லைப் பாருங்கள். 'வல்னிங்' என்றிருந்தால் பறவை தன்னைக் குத்துகிறது, அவ்வளவே. 'இன் ஹெர் பயட்டி' என்றிருந்தால் கூடும் குஞ்சுகளும் சேர்ந்து வர வேண்டும். நாம் வரையப்போவது இரண்டாவது.

தேவையானவை: 300 ஜிஎஸ்எம் வழவழப்பான வாட்டர்கலர் தாள் (ஏ4), 2எச் பென்சில், அளவுகோல், கவராயம், 1 மற்றும் 4 எண் வட்டத் தூரிகைகள், நீலம், மஞ்சள், சிவப்பு போஸ்டர் கலர், தண்ணீரில் கரையாத 0.3 மி.மீ. கறுப்புப் பேனா.

1. கேடயம். 12 செ.மீ. நீளத்துக்குக் கிடைக்கோடு. இரு முனைகளிலிருந்தும் 4 செ.மீ. நேராகக் கீழே இறக்குங்கள். கவராயத்தை 12 செ.மீ. விரித்து, இடப்பக்கக் கோட்டின் அடிப்புள்ளியில் ஊன்றி, வலப்பக்க அடிப்புள்ளியிலிருந்து கீழே வில் போடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இரு வில்களும் சந்திக்கும் இடம்தான் கேடயத்தின் நுனி. மொத்த உயரம் சுமார் 14.4 செ.மீ. வரும். நடுவே செங்குத்தாக ஒரு மெல்லிய கோடு.

2. உடல். மேல்விளிம்பிலிருந்து 4 செ.மீ. முதல் 9 செ.மீ. வரை, 3 செ.மீ. அகலத்தில் ஒரு முட்டை வடிவம். பறவை நம் இடப்பக்கம் பார்க்க வேண்டும். கேடயத்தைப் பிடித்திருப்பவருக்கு அது வலப்பக்கம். குலச்சின்னக் கணக்கு அவர் பக்கத்திலிருந்துதான்.

3. கழுத்து. முழு நேரத்தையும் இங்கே செலவிட்டாலும் தகும். தோளிலிருந்து மேலே எழுந்து, மேல்விளிம்புக்கு 2 செ.மீ. கீழே உச்சி தொட்டு, கைத்தடியின் பிடிபோல் இடப்பக்கம் வளைந்து இறங்கட்டும். 2 செ.மீ. அலகின் நுனி, மேல்விளிம்பிலிருந்து 5.5 செ.மீ. கீழே மார்பைத் தொட வேண்டும். கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே ஒரு செ.மீ. அளவுக்காவது நீலம் தெரியட்டும். தொடக்கத்தில் பலரும் கழுத்தை உடலோடு ஒட்டி வரைகிறார்கள். பக்கத்தில் பார்க்கும்போது குறை தெரியாது. தூரத்தில் அது தூங்கும் வாத்தாகிவிடும்.

4. இறக்கை. தோளிலிருந்து வலப்பக்கம் மேலே உயர்த்துங்கள், விளிம்புக்கு 1 செ.மீ. விட்டு. இரண்டாவது இறக்கை அதன் பின்னால் அரை செ.மீ. எட்டிப் பார்த்தால் போதும். ஆறு பெரிய இறகுகள் வரைந்தால் நிறையும். குலச்சின்னத்தில் உருவம் கேடயத்தை நிரப்ப வேண்டும். சுற்றிலும் வெற்றிடம் விட்டால் சின்னம் மெலிந்து போகும்.

5. கூடும் குஞ்சுகளும். 9.5 முதல் 12.5 செ.மீ. வரை ஒரு கூடை: மேலே 7, அடியில் 3.5 செ.மீ. அகலம். கேடயம் குறுகும் போக்கிலேயே கூடையும் குறுகுவதால் பொருந்தி உட்காரும். தாயின் கால்களும் அதற்குள் மறைந்துவிடும், பாதம் வரையும் சிரமம் இல்லை. வழக்கமாகக் குஞ்சுகள் மூன்று. அலகுக்குக் கீழே இரண்டு, வலப்பக்கம் ஒன்று. மூன்றும் வாய் திறந்து மேலே பார்க்கட்டும்.

6. நிறம். நீலத்தை முதலில், பறவையைச் சுற்றி அடியுங்கள். முழுப் பரப்பையும் நீலமாக்கி மேலே மஞ்சள் அடித்தால் அடியிலுள்ள நீலம் மறுபடி கரைந்து பச்சையாகும். போஸ்டர் கலரின் குணம் அது. பதம் கெட்டி மோர் அளவு. நீர்த்தால் திட்டுத்திட்டாகும், கெட்டித்தால் உலர்ந்ததும் வெடிக்கும். ஈரப் பளபளப்பு முழுதும் போன பிறகு பறவை, குஞ்சுகள், கூடை மூன்றுக்கும் மஞ்சள். அதுவும் உலர்ந்ததும் இறகு, கூடைப் பின்னல், குஞ்சுகளின் வெளிக்கோடு எல்லாம் பேனாவில். வெளிக்கோடு இல்லாவிட்டால் மஞ்சள்மேல் மஞ்சள் குஞ்சுகள் காணாமல் போகும்.

7. இரத்தத் துளிகள். அலகு தொட்ட இடத்துக்குக் கீழே மூன்று துளிகள், ஒவ்வொன்றும் 5 மி.மீ. உயரம், மேலே கூர், அடியில் உருண்டை. சிவப்பு பொன்னிற மார்பின்மேல் மட்டுமே விழ வேண்டும். பொன்னும் வெள்ளியும் உலோகம், மற்றவை வண்ணம். வண்ணத்தின்மேல் வண்ணம் வைக்கக் கூடாது என்பது இந்தக் கலையின் தலையாய விதி. நீலத்தின்மேல் சிவப்பு தூரத்திலிருந்து எடுப்பாகத் தெரியாது என்பதுதான் அதன் நியாயம். துளிகளைச் சிறு விஷயமாக நினைக்க வேண்டாம்: அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கொடியிலும் இதே பறவை உண்டு. பழைய கொடிகள் சிலவற்றில் துளிகள் விடுபட்டுப் போயின; மூன்று துளிகள் இருந்தே ஆக வேண்டும் என 2006-இல் அங்கே சட்டமே இயற்றினார்கள்.

முடிந்ததும் படத்தைச் சுவரில் சாய்த்து மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கொக்கியும் துளிகளும் உடனே கண்ணில் பட வேண்டும். படவில்லையென்றால் கழுத்து வளைவுக்குள் இருக்கும் நீலத்தை 2 மி.மீ. அகலப்படுத்துங்கள்.