மனோன்மணீயம் நடத்தும்போது பாத்திர வரைபடத்துல வர்ற தப்புங்க

1891ல வந்த சுந்தரம் பிள்ளையோட மனோன்மணீயம் நாடகத்த பசங்களுக்கு நடத்துறவங்களுக்காக இத எழுதறேன். யாருக்கு யாரு என்ன உறவுன்னு வரையச் சொன்னா எல்லாரும் நடுவுல பாண்டிய ராஜா சீவகன போட்டு, சுத்தி மகள், மந்திரி, குருன்னு கோடு இழுத்துடுவாங்க. அது வம்சாவளி மாதிரிதான் இருக்கும், நாடகம் அதுல வராது.

பெரிய தப்பு என்னன்னா ரெண்டு பேருக்கு நடுவுல ஒரே ஒரு கோடு போடுறது. சீவகன் - குடிலன், "ராஜா, மந்திரி", அவ்ளோதான். ஆனா ராஜா பக்கத்துலேர்ந்து போறது கண்மூடித்தனமான நம்பிக்கை, குடிலன் பக்கத்துலேர்ந்து வர்றது ஆட்சிய புடிக்கிற ஆசை, தன் மகன் பலதேவனுக்கு ராஜா மகள் மனோன்மணிய கட்டி வைக்கணும்ங்கிற கணக்கு. இந்த ரெண்டும் வேற வேறங்கிறதுலதான் கதையே ஓடுது, அதனால ரெண்டு அம்புக்குறி போடச் சொல்லுங்க, ஒவ்வொண்ணு மேலயும் "நம்புறான்", "ஏமாத்துறான்"னு வினைச்சொல்லா எழுதச் சொல்லுங்க. நல்லவன் கெட்டவன்னு மட்டும் எழுத விடாதீங்க, அப்படி எழுதுனா பரீட்சைல அதத் தாண்டி ஒரு வரி எழுத வராது.

அடுத்தது, மனோன்மணிக்கும் சேர நாட்டு ராஜா புருடோத்தமனுக்கும் காதல்னு சாதாரண கோடு போடுறது. ரெண்டு பேரும் கனவுலதான் பாத்துக்குறாங்க, நேர்ல பாக்குறது கடைசிலதான். அதனால புள்ளிக் கோடு போடணும். இல்லன்னா குரு சுந்தரமுனிவர் தோண்டுற சுரங்கம், கடைசில புருடோத்தமன் மனோன்மணிகிட்ட வந்து சேர்ற வழி, எதுக்குன்னே புள்ளைங்களுக்குப் புரியாது.

வாணிய ஓரமா "தோழி"ன்னு போட்டு விட்டுடறதும் சரியில்ல. அவ அப்பா சகடன் பலதேவனுக்குக் கட்டிக் குடுக்கப் பாக்குறாரு, அவளுக்கு நடராசன் மேல மனசு. அங்கயும் அதே பலதேவன் பேருதான் வருது, பாருங்க.

டீச்சரே போர்டுல முழுசா வரைஞ்சு குடுக்குறது பத்தி தனியா சொல்லவே வேணாம், நானும் அத பண்ணிருக்கேன், ஒரு புள்ளைக்கும் மனசுல நிக்கல.

அப்புறம் ஒரே படத்த கடைசி வரைக்கும் வச்சுக்காதீங்க. 5 அங்கம் இருக்கு, ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் பென்சில்ல திருத்தச் சொல்லுங்க. போன வருஷம் இப்படிப் பண்ணும்போது ராஜாகிட்ட இருந்து, அவருக்கு விசுவாசமா இருக்குற நாராயணனுக்குப் போற அம்ப ஒரு பொண்ணு ரப்பர் வச்சு அழிச்சு, குடிலன் பேச்சக் கேட்டு "சந்தேகப்படுறான்"னு மாத்துனா. திரும்பி வர்ற அம்புல கை வச்சுட்டு, "இத மட்டும் ஒரு தடவகூட அழிக்க வேண்டியிருக்கல மிஸ்"னா.