வேதம் திறக்கவே மனசில்லையா? பசி திரும்ப வர நான் செய்தவை, படிப்படியாக

இரண்டு வருஷம் எனக்கு வேதத்தை, அதாவது பைபிளை, திறக்கவே மனம் வரவில்லை. விசுவாசம் போய்விடவில்லை. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போனேன், பாடகர் குழுவில் நின்று பாடினேன், வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்திலும் உட்கார்ந்தேன். தனியாக முழங்கால் போட்டால் மட்டும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. சோமனூர் பக்கம் ஆறு தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கிறேன். வேலைப்பளுவால்தான் இப்படி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் அது இல்லை என்பது ஒரு அரிசிம்பருப்புச் சோற்றுக்கு முன்னால்தான் புரிந்தது.

அன்று மத்தியானம் குக்கரைத் திறந்ததும் பூண்டும் சீரகமும் மணந்தன. மேலே நெய் விட்டுப் பையன் முன்னால் தட்டை வைத்தாள் என் மனைவி. அவனுக்கு உயிரான சோறு அது. "பசிக்கலைம்மா" என்று தட்டைத் தள்ளிவிட்டான். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கால்சட்டைப் பையில் சிப்ஸ் பாக்கெட் இரண்டு, காலியாக. அதற்கு முன்னால் பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வேறு. என் அம்மாதான் சொன்னார்: "வகுறு நெறஞ்சு கெடக்கறப்ப அமுதத்த வெச்சாலும் எறங்காது சாமி."

நீதிமொழிகள் 27:7ஐச் சின்ன வயதிலேயே மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன்: "திருப்தியடைந்தவன் தேன்கூட்டையும் மிதிப்பான், பசியுள்ளவனுக்கோ கசப்பான பதார்த்தங்களும் தித்திப்பாயிருக்கும்." அன்றைக்குத்தான் அது எனக்குச் சொல்லப்பட்டதாகக் கேட்டது. என் பசி சாகவில்லை, வேறு எதையோ தின்று அடங்கிக் கிடக்கிறது. அதன் பிறகு நான் செய்ததைத்தான் எழுதுகிறேன். வேதத்தை எங்கே எப்படிப் புரட்டுவது, ஜெபத்தை எப்படித் தொடங்குவது என்பதற்குள் போகவில்லை. அது உங்களுக்கே தெரியும்.

படி 1: எதைக் கொறிக்கிறீர்கள் என்று மூன்று நாள் எழுதுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். கண் விழித்ததில் இருந்து படுக்கிற வரை மனசுக்குள் போனதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். என் தாளில் நூல் விலை இருந்தது, கிரிக்கெட் இருந்தது, சொந்தக்காரர்களின் ஸ்டேட்டஸ் இருந்தது. பாதிக்கு மேல் இருந்தவை என்ன தெரியுமா? ஒரு நிமிஷப் பிரசங்கத் துண்டுகள், வாக்குத்தத்த வசனம் போட்ட படங்கள், சாட்சி வீடியோக்கள். எதுவும் கெட்டதில்லை. ஆனால் எல்லாம் வேறு யாரோ மென்று கொடுத்தவை. அவற்றைக் கொறித்துவிட்டு, கர்த்தரோடு இருந்துவிட்டதாக மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. பசி எடுக்க வேண்டிய நேரத்தில் எடுப்பதில்லை.

நான் ஒரு மாதம் அந்தத் துண்டுகளை மட்டும் அடியோடு விட்டேன். முழுப் பிரசங்கத்தை ஞாயிற்றுக்கிழமை சபையில் மட்டும் கேட்டேன்.

படி 2: முதல் வாய் எது?

யாத்திராகமம் 16இல், வனாந்தரத்தில் கர்த்தர் கொடுத்த ஆகாரமான மன்னாவை விடியற்காலையில் பொறுக்க வேண்டும். வெயில் ஏற ஏற உருகிவிடும். மறுநாளைக்கென்று எடுத்து வைத்தால் புழு வைத்துவிடும். இந்த அதிகாரம் எனக்கு ஒரே ஒரு ஏற்பாட்டைக் கற்றுக்கொடுத்தது: போன் படுக்கையறைக்கு வரக்கூடாது. அலாரம் போனில் இருக்கிறதே என்பீர்கள். பழைய டைம்பீஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்தப் பதிவுக்காக நீங்கள் செய்கிற செலவு அது ஒன்றாக இருந்தால் போதும்.

வேதாகம ஆப்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வசனத்துக்கு மேலேயே அடுத்த மெசேஜ் வந்து விழுகிறது. அச்சுப் புத்தகம், கண்ணுக்கு இதமான பெரிய எழுத்து, ஒரு பென்சில், நாற்பது பக்க நோட்டு. இவை போதும். கலர் பேனாக்கள் வேண்டாம். வண்ணம் தீட்டுவதிலேயே நேரம் போய்விடும்.

படி 3: குறைவாக எடுங்கள் (நான் இடறி விழுந்தது இங்கேதான்)

வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்த சூட்டோடு, இந்த வருஷம் வேதத்தை முழுக்க வாசித்துவிடுவேன் என்று முடிவெடுப்பது எனக்குப் பழக்கம். மொத்தம் 1189 அதிகாரம். நாளுக்கு நான்கு என்றால் பத்து மாதத்துக்குள் முடிந்துவிடும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஓட்டமாக ஓடிவிடும். ஜனவரி 26ஆம் தேதி லேவியராகமம் 13 வரும். தோலில் தழும்பு, தடிப்பு, வெள்ளைப் படர் என்று 59 வசனம். இரண்டு வருஷமும் அந்த அதிகாரத்தில்தான் நின்றேன். ஒரு நாள் விட்டால் மறுநாள் எட்டு அதிகாரம், இரண்டு நாள் விட்டால் பன்னிரண்டு. கடன்காரனுக்கு வட்டி ஏறுகிற மாதிரி ஏறும். பிப்ரவரியில் வேதத்தைப் பார்த்தாலே குற்ற உணர்வு வந்தது. பார்க்காமல் இருப்பதற்கு வழி தேடினேன்.

லேவியராகமத்தைக் குறை சொல்லவில்லை. பசி நன்றாக எடுத்திருந்தவர்களுக்கு அதிலும் ருசி உண்டு. காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு முதல் நாளே விருந்துச் சாப்பாடு போடுவார்களா? கஞ்சிதான் கொடுப்பார்கள், அதுவும் அரை டம்ளர். நான் எனக்கே விருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஒரே ஒரு சங்கீதம், அதாவது வேதத்தில் உள்ள பாடல் ஒன்றை, எடுத்தேன்: 63ஆம் சங்கீதம். மொத்தம் பதினொரு வசனம். ஏழு நாளும் அதையே வாசித்தேன். தலைப்பிலேயே தாவீது யூதாவின் வனாந்தரத்தில் இருந்தபோது பாடியது என்றிருக்கிறது. "வறண்டதும் விடாய்த்ததும் தண்ணீரற்றதுமான நிலத்திலே என் ஆத்துமா உம்மேல் தாகமாயிருக்கிறது." மழை பொய்த்த வருஷங்களில் போர்வெல் போட்டுப் புகை மட்டும் வந்ததைப் பார்த்த ஊர்க்காரன் நான். அந்த வரிக்கு எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

முதல் இரண்டு நாள் சலிப்பு. மூன்றாம் நாள் "இதைத்தான் நேற்றே வாசித்தேனே" என்று மனம் முரண்டு பிடித்தது. பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள், நானும் விடப் பார்த்தேன். ஐந்தாம் நாள் தறிக்குடோனில் நின்றபோது "தாகமாயிருக்கிறது" என்ற சொல் நான் கூப்பிடாமலே வந்து நின்றது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் வேதத்தைத் திறக்கக் கை அவசரப்பட்டது. இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

இன்னொன்று முக்கியம். பத்து நிமிஷம் ஆனதும், இன்னும் வாசிக்கலாம் போலிருக்கும்போதே மூடிவிடுங்கள். கொஞ்சம் பசி மிச்சம் இருந்தால்தான் மறுநாள் காலை அது உங்களை எழுப்பும்.

எந்த மொழிபெயர்ப்பு? 1871இல் வெளிவந்த திருப்புதல்தான் இன்றும் நம் சபைகளில் புழங்குகிற பழைய மொழிபெயர்ப்பு. எனக்கு முதலில் அதுதான். அக்டோபரில் கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் போகிற பக்கத்து வீட்டு அக்கா தன் திருவிவிலியத்தைக் கொடுத்தார்கள், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. சங்கீதம் 42இல் நம்முடையதில் மான் "வாஞ்சித்துக் கதறுகிறது", அதில் "ஏங்கித் தவிக்கிறது". இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் வாஞ்சை என்பது எவ்வளவு உடம்போடு சேர்ந்த சொல் என்று உறைத்தது. வாரத்தில் நான்காம் நாளுக்கு மேல் மற்ற மொழிபெயர்ப்பைத் திறங்கள். முதல் நாளே வேண்டாம்.

படி 4: அசை போடுங்கள்

காங்கேயம் மாடு மேய்கிற நேரத்தில் மேயும். அப்புறம் வேப்பமர நிழலில் படுத்து, அரைக்கண் மூடி அசை போடும். சங்கீதம் 1இல் இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனுஷன் என்று வருகிறதே, அந்த எபிரெயச் சொல்லுக்கு வாய்க்குள் முனகுவது என்றும் பொருள் உண்டு. ஏசாயா 31:4இல் இரையின்மேல் உறுமுகிற சிங்கத்துக்கும் அதே சொல்தான். ஆகவே சும்மா கண்ணை மூடி உட்கார வேண்டாம். காலையில் மனசில் நின்ற ஒரே வரியை நாள் முழுக்க வாயால் சொல்லுங்கள்.

தறிச் சத்தத்தில் நான் கத்திச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது. நாடா போய்வருகிற தாளத்தோடு வசனமும் போய்வரும். ஒரு நாள் தறி ஓட்டுகிற தம்பி என் வாயசைவைப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, யாருகூடப் பேசறீங்க?" என்று கேட்டான். கர்த்தரோடுதான் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எம்பட அம்மாளுக்கு மேலுக்குச் சரியில்லீங், அதையும் சொல்லிப்போடுங்க" என்றான். அன்றில் இருந்து அந்தப் பெயரும் என் ஜெபத்தில் இருக்கிறது.

படி 5: மாதத்தில் ஒரு வேளை உபவாசம்

எங்கள் பக்கம் மாதாந்திர மின்தடை நாளில் தறி ஓடாது. உடம்புக்கும் வேலை குறைவு. அன்று மத்தியானச் சாப்பாட்டை விடுகிறேன். ரூத், பிலிப்பியர் மாதிரி நான்கே அதிகாரமுள்ள புத்தகம் ஒன்றை ஒரே மூச்சில் வாசிக்கிறேன். விட்ட சாப்பாடு யாருக்காவது போய்ச் சேர வேண்டும். ஏசாயா 58இல் கர்த்தர் கேட்கிற உபவாசம், "பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கிறது." சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டை விடவேண்டாம். போனை விடுங்கள்.

படி 6: இழை அறுந்தால்

நாள் தவறும், நிச்சயம் தவறும். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்களில், ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த முனையில் முடி போட்டு, விழுதிலும் அச்சிலும் இழுத்து விட்டுத் தறியை ஓட்டுகிறோம். அதற்காகப் பாவு முழுவதையுமே அறுத்தெறிகிறவர் உண்டா? விட்ட நாளின் பாக்கியைச் சேர்த்து வாசிக்காதீர்கள். இன்றைய பகுதியில் இன்று உட்காருங்கள்.

பிறகு சேர்த்தது:

திருப்பூரில் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கிற ஒரு சகோதரி, "அதிகாலை எனக்குத் தூங்கப் போகிற நேரமுங்க, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருந்தார். அதே 63ஆம் சங்கீதத்தின் ஆறாம் வசனத்தைப் பாருங்கள் அம்மணி: "இராச்சாமங்களில் உம்மைத் தியானிக்கிறேன்." தூங்கி எழுந்து நீங்கள் முதலில் கண் திறக்கிற நேரம் எதுவோ அதுதான் உங்கள் விடியல், மாலை நான்கு மணியானாலும் சரி.

வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு என்ன வழி என்று இன்னொருவர் கேட்டார். என் அம்மாவுக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பையன் தினமும் அதே சங்கீதத்தை அவருக்கு வாசித்துக் காட்டுகிறான். வார முடிவில் அவனைவிட அவருக்குத்தான் அதிகம் மனப்பாடம்.

எல்லாம் செய்தும் ஒன்றும் அசையவில்லை, சாப்பிடவும் தூங்கவும் முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். 1 இராஜாக்கள் 19ஐ வாசியுங்கள். சாவைக் கேட்டுச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவிடம் தூதன் ஜெபம் பண்ணச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிட எழுப்பினான். தூங்கவிட்டு மறுபடியும் எழுப்பினான். உங்கள் சோர்வு அப்படிப்பட்டதானால் இந்தப் படிகளை ஒதுக்கி வையுங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். ஜெபத்தை உங்களுக்காக நாங்கள் செய்கிறோம்.

நான்கு வாரத்துக்கு நான்கு சங்கீதம்: 63, 42, 84, 143. ஐந்தாம் வாரம் மாற்கு, நாளுக்கு அரை அதிகாரம். நான் இப்போது ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறேன். மேஜையின்கீழ் விழுகிற துணிக்கை கிடைத்தாலும் போதும் என்று இயேசுவை விடாமல் கேட்ட அந்தத் தாயிடம் மூன்று நாளாக நிற்கிறேன். அடுத்த அரை அதிகாரத்துக்கு இன்னும் போகவில்லை.