ஸ்வெட்ஷர்ட்டில் துணி எழுத்து தைக்கும்போது

ஸ்வெட்ஷர்ட்டையும் எழுத்துக்கான காட்டன் துணியையும் முதலிலேயே துவைத்துக் காயவைத்துவிடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் எழுத்து கோணிக்கொள்ளும். இருபுறமும் ஒட்டும் ஃபியூசிங் பேப்பரைத் துணியின் பின்பக்கம் அயர்ன் செய்து, அதன் மேல் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வரையுங்கள். ‘ப’ எப்படி வரைந்தாலும் ‘ப’தான், ‘ட’வில்தான் நான் மாட்டிக்கொண்டேன்! வெட்டி, பேப்பரை உரித்து, சட்டையில் வைத்து அயர்ன் பாக்ஸால் அழுத்துங்கள், இழுத்துத் தேய்க்க வேண்டாம்.

இழுபடும் துணி என்பதால் அப்படியே தைத்தால் அலை அலையாக வரும். உள்பக்கம் மெல்லிய வெள்ளைத்தாள் வைத்து (நியூஸ்பேப்பர் என்றால் மை ஒட்டும்), 14ஆம் நம்பர் பால்பாயிண்ட் ஊசியில் (முனை உருண்டையாக இருக்கும் ஊசி) எழுத்தின் ஓரம் முழுக்க நெருக்கமான ஜிக்ஜாக் தையல் போடுங்கள். வளைவில் ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போதே துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் காலைத் (பிரஷர் ஃபுட்) தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும். அப்புறம் தாளைக் கிழித்துவிடலாம்.