ஊர்க்கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்து ஊர்க்கோயில் திருவிழாவுக்குப் போக நினைத்தால், முதலில் தீர்த்தம் (சுவாமி நீராடும் நாள்) எப்போது வருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அதை வைத்துத்தான் மற்ற எல்லாம் கணக்கிடப்படும். பூரணையோ, அமாவாசையோ, ஒரு நட்சத்திரமோ தீர்த்த நாளாக இருக்கும். அங்கிருந்து பத்து, பன்னிரண்டு, பதினைந்து நாள் என்று பின்னோக்கி எண்ணினால் கொடியேற்றம். நல்லூரில் 25 நாள், ஆவணி அமாவாசையில் தீர்த்தம். மாவிட்டபுரம் கந்தனுக்கு ஆடி அமாவாசையில் கீரிமலையில் தீர்த்தம். அதனால் போன வருடத் திகதியை நம்ப வேண்டாம். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் புழங்குகின்றன. உங்கள் கோயிலில் எது என்பதையும் கேளுங்கள். திருப்பணிக்காகப் பாலஸ்தாபனம் செய்து சுவாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்திருந்தால் கும்பாபிஷேகம் முடியும்வரை கொடி ஏறாது.

லீவு குறைவு என்றால் சப்பறம் (தேருக்கு முதல் நாள் வரும் அலங்கார ஊர்தி), தேர், தீர்த்தம், பூங்காவனம் (சுவாமியின் திருக்கல்யாணம்) ஆகிய கடைசி நாட்களுக்குத்தான் எல்லோரும் போகிறார்கள். நான் சொல்வது வேறு: உங்கள் குடும்பம் செலவை ஏற்று நடத்தும் உபயம் எந்த நாளோ, அந்த நாளில் நில்லுங்கள். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தினுடையதாகவோ ஊரின் ஒரு குறிச்சியினுடையதாகவோ தலைமுறை தலைமுறையாக வரும். வெளிநாட்டிலிருந்து காசு மட்டும் போய்க்கொண்டிருக்கலாம், சங்கற்பத்துக்கு வேறு யாரோ நிற்கலாம். "பெரியப்பா, எங்கட திருவிழா எத்தனையாம் நாள்?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அப்பப்பா நின்ற இடத்தில் பிள்ளை தர்ப்பை போட்டு நின்று காளாஞ்சி (உபயகாரருக்குக் கொடுக்கும் மரியாதைப் பிரசாதம்) வாங்குவதைவிடப் பெரிய அறிமுகம் அந்தப் பிள்ளைக்கு ஊரில் கிடையாது.

ஆண்களுக்கு வேட்டி, உள்ளே மேல்சட்டை இல்லை. உள்ளே படம் எடுக்கலாமா என்று குருக்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். முக்கியமானது துடக்கு, அதாவது தீட்டு; அது இருந்தால் கோயிலுக்குள் போகக்கூடாது என்பார்கள். நீங்கள் முகமே பார்த்திராத பங்காளி ஒருவர் போன கிழமை தவறியிருந்தால் உங்களுக்கும் துடக்கு என்று ஊரில் எண்ணுவார்கள். கோயிலடியில் போய் நின்று சங்கடப்படாமல், போவதற்கு முதல் நாளே வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துவிடுங்கள்.

அப்புறம் கோயிலின் கதை. 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தபின் கோயில்களை இடித்தார்கள். 1658 இல் வந்த ஒல்லாந்தரும் சைவ வழிபாட்டை வெளிப்படையாக நடத்த விடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தப் பிடி தளர்ந்த பிறகுதான் பல கோயில்கள் திரும்ப எழுந்தன. அப்போது ஒளித்து வைத்துப் பிறகு கிணற்றில் கிடைத்த விக்கிரகம், கோயில் இல்லாத காலத்தில் மரத்தடியில் நட்ட சூலம் என்று ஊருக்கு ஊர் கதை இருப்பது இதனால்தான். அதற்கடுத்த நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) ஆகம வழிபாட்டை வலியுறுத்தினார். உயிர்ப்பலியையும் கண்ணகி வழிபாட்டையும் எதிர்த்தார். கண்ணகி கோயில்கள் சில இராஜராஜேஸ்வரி போன்ற பெயர்களுக்கு மாறின. உங்கள் அம்மனுக்குப் பழைய பெயர் ஒன்று இருந்ததா என்று வயதான அம்மாக்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய முறை எல்லா இடத்திலும் போய்விடவில்லை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இன்றும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார். முல்லைத்தீவு வற்றாப்பளையில் கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கு எரிகிறது.

யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள வலிகாமம் வடக்கு ஆட்கள் 1990 இல் போரினால் இடம்பெயர்ந்த கதையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பூசை நின்ற வருடங்களும் கோயிலின் வரலாறுதான்.

இதையெல்லாம் தேர் நாளில் கேட்க முடியாது. பூங்காவனத்துக்கு அடுத்து வரும் வைரவர் மடைக்கு (வைரவருக்குப் படையல் வைக்கும் நாள்) நில்லுங்கள். கூட்டம் குறைந்திருக்கும், பெரியவர்கள் மடத்தில் ஆறுதலாக இருந்து கதைப்பார்கள். போனில் பதிவு செய்யுங்கள்.

இராஜகோபுரத்துக்குக் காசு கேட்பார்கள், கொடுங்கள். கொடுப்பதற்கு முன், இடிக்கப்போகும் பழைய மண்டபத்தையும் அதன் தூண்களில் உள்ள உபயகாரர் பெயர்களையும் படம் எடுத்துவிடுங்கள். சுவாமி எழுந்தருளும் மர வாகனங்களைப் புதிதாகச் செய்யப்போகிறார்கள் என்றால், பழையவற்றை எங்கே வைக்கப்போகிறார்கள் என்று நிர்வாக சபையிடம் கேளுங்கள். வைக்க இடமில்லை என்று பதில் வந்தால், உங்கள் காசில் ஒரு பங்கை அந்த இடத்துக்கென்றே எழுதிக் கொடுங்கள்.