முனைவர் பட்டம் இல்லாமல் வெளிநாட்டில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் வேலை தேடும் முறை

உயிரியல் தரவுகளைக் கணினியால் பகுத்தாயும் துறையான பயோஇன்ஃபர்மேட்டிக்ஸில் எம்.எஸ்சி. அல்லது பி.டெக். முடித்தவர்கள் வெளிநாட்டு வேலை விளம்பரங்களைப் பார்த்துச் சோர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம், தமக்குப் பொருந்தாத வகை விளம்பரங்களையே அவர்கள் படிப்பதுதான். புதிய கேள்வியை எழுப்பி ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்காக ஒரு பேராசிரியர் அறிவிக்கும் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) இடத்துக்கு முனைவர் பட்டம் கட்டாயம். அங்கே அனுபவத்தைச் சொல்லி வாதாடிப் பயனில்லை. ஆனால் பல ஆய்வுக்குழுக்களின் டிஎன்ஏ தரவுகளை ஒரே தரத்தில் பகுத்துக் கொடுக்கும் கோர் ஃபெசிலிட்டிகள் எனும் பொதுச் சேவைக் கூடங்களுக்கும், மருத்துவமனைகளின் மரபணுப் பரிசோதனைக் கூடங்களுக்கும், பொதுத் தரவுத்தளங்களைப் பராமரிக்கும் நிறுவனங்களுக்கும் வேண்டியது, பிழையின்றி ஓடும் பைப்லைனும் (தரவைப் படிப்படியாகப் பகுக்கும் நிரல்களின் தொடர்) அது நின்றுபோனால் சரிசெய்யத் தெரிந்த ஆளும்தான்.

ஆகவே பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் அனலிஸ்ட், ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர், டேட்டா க்யூரேட்டர் போன்ற பதவிப் பெயர்களைக் கொண்டு தேடுங்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே ஹிங்ஸ்டனில் ஒரே வளாகத்தில் இயங்கும் இஎம்பிஎல்-இபிஐ (உயிரியல் தரவுத்தளங்களைப் பராமரிப்பது), வெல்கம் சாங்கர் (மரபணு ஆய்வு நடத்துவது) ஆகிய இரு நிறுவனங்களும் தொடர்ந்து கவனிக்க வேண்டியவை. ஐரோப்பிய ஆய்வு நிறுவனங்களின் அறிவிப்புகளை யூராக்சஸ் தளத்தில் ஒருசேரப் பார்க்கலாம். "முனைவர் பட்டம் அல்லது அதற்கு இணையான அனுபவம்" என்று எழுதியிருந்தால் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். அந்தச் சொற்றொடரை அவர்கள் அலங்காரத்துக்குச் சேர்ப்பதில்லை.

பட்டத்தின் இடத்தில் எதை வைப்பது என்பதே அடுத்த கேள்வி. அதிக உழைப்பைக் கேட்பதும் இதுதான். இணையப் பாடம் ஒன்றைப் பின்பற்றிச் செய்த ஆர்என்ஏ-சீக் பகுப்பாய்வு (எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்று அளப்பது) யாரையும் கவர்வதில்லை, ஏனெனில் விண்ணப்பிக்கும் பலரிடம் அதேதான் இருக்கிறது. அதைவிட, அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி முன்னின்று நடத்தும் 'ஜீனோம் இன் எ பாட்டில்' திட்டம் வெளியிட்டுள்ள எச்ஜி002 என்ற மனித டிஎன்ஏ மாதிரியின் தரவை எடுத்து, மரபணு மாறுபாடுகளைக் கண்டறியும் பைப்லைன் ஒன்றை, அதற்கான கருவிகளான நெக்ஸ்ட்புளோவிலோ ஸ்னேக்மேக்கிலோ எழுதி, அதன் முடிவை அத்திட்டம் தரும் சரிபார்க்கப்பட்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையான மாறுபாடுகளில் எத்தனை விழுக்காடு அகப்பட்டது, இல்லாததை இருப்பதாகச் சொன்னது எவ்வளவு, தவறுகள் எந்தப் பகுதிகளில் குவிந்தன, ஏன் என்று இரண்டு பக்கத்தில் எழுதி, நிரலோடும், அது எந்தக் கணினியிலும் ஓடத் தேவையான மென்பொருள்களை அடைத்த கன்டெய்னரோடும் சிறிய சோதனைத் தரவோடும் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்தால், தன் வேலையைத் தானே சந்தேகிக்கத் தெரிந்தவர் என்பது உங்களைச் சந்திக்காமலே தேர்வாளருக்குப் புரியும்.

அதன்பின், நெக்ஸ்ட்புளோ பைப்லைன்களைக் கூட்டாக எழுதிப் பராமரிக்கும் என்எஃப்-கோர் சமூகத்துக்கு வாருங்கள். அங்குள்ள பைப்லைன்களை ஐரோப்பிய மையங்கள் பலவும் அன்றாடம் பயன்படுத்துகின்றன. நீங்கள் அனுப்பும் திருத்தத்தை அத்தகைய மையங்களில் பணிபுரிவோரே பொதுவெளியில் பரிசீலிக்கிறார்கள். ஒரு மாட்யூலை (பைப்லைனின் ஒரு படிக்கான நிரல்) சேர்ப்பதோ ஆவணத்தில் உள்ள பிழையை நீக்குவதோ சிறிய வேலைதான் என்றாலும், உங்கள் நிரலைப் படித்த ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார் என்பது, நம் ஊர்ப் பேராசிரியர் எல்லா மாணவர்க்கும் ஒரே வாசகத்தில் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதத்தைவிட எடை கூடியது.

விசாவைப் பொறுத்தவரை, முதுநிலைப் பட்டதாரிக்கு ஜெர்மனி ஒப்பீட்டளவில் எளிது. முதலில், வெளிநாட்டுப் பட்டங்களுக்கான அந்நாட்டின் அனபின் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே எச்+ (அங்கீகரிக்கப்பட்டது) என்ற குறி உள்ளதா என்று பாருங்கள். பட்டம் தனியாகப் பட்டியலிடப்படாவிட்டால் வெளிநாட்டுக் கல்வியை மதிப்பிடும் இசட்ஏபி அலுவலகத்திடம் ஒப்பீட்டுச் சான்று பெற வேண்டும். இயற்கை அறிவியலும் கணினித் துறையும் ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் இருப்பதால், 2025இல் ஆண்டுக்கு 43,759.80 யூரோ ஊதியமே அவற்றில் ப்ளூ கார்டுக்குப் (பட்டதாரிப் பணியாளர்க்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை அனுமதி) போதுமானதாக இருந்தது. பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டதாரிக்குரிய இ13 என்ற ஊதிய நிலையின் தொடக்க ஊதியம், முழுநேர வேலையானால், இந்த வரம்பைத் தாண்டிவிடும். விளம்பரத்தில் 65 விழுக்காடு (முழுநேரத்தில் அந்த அளவு வேலை) என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்க்கான இடம் என்று கொள்க. 2024 ஜூன் முதல் வழங்கப்படும் வாய்ப்பு அட்டையில் ஓராண்டு வரை அங்கேயே தங்கி வேலை தேடலாம். ஆனால் செலவுக்குப் பணம் காட்ட வேண்டியிருப்பதால், கடன் வாங்கிச் செல்ல நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பிரிட்டனில் 2025 ஜூலை 22 முதல் திறன்மிகு பணியாளர் விசாவின் பொது ஊதிய வரம்பு 41,700 பவுண்டு. விசா வழங்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிடுவதால், விண்ணப்பிக்கும் முன் நிறுவனத்தின் பெயரை அதில் தேடிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல் இல்லை என்றாலும், 2025 செப்டம்பரில் நாட்டுக்கு வெளியே இருப்போரின் புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபின், இங்கிருந்தபடி நேரடியாக வேலை பெறுவது கடினமாகிவிட்டது.

நேர்காணலில் ஊதியத்தைக் கேட்பதற்கு முன் ஒப்பந்தத்தின் வகையைக் கேளுங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பணியாளர் சட்டத்தின் கீழ் வரும் தற்காலிக ஒப்பந்தங்கள், முனைவர் பட்டம் பெறாதவர்க்குப் பொதுவாக 6 ஆண்டுகள் வரையே நீடிக்க முடியும். வெளிநிதித் திட்டங்களுக்கு விதி வேறு. நிரந்தரமான சேவைப் பணியா, எந்த நிதியிலிருந்து ஊதியம் வருகிறது, அந்த நிதி எப்போது முடிகிறது என்ற கேள்விகளை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.