கடையின் க்யூஆர் அட்டை வழியே கசிந்த சொந்த எண்: என் அனுபவம்

கடைக்கென்று தனி சிம் வாங்கி, பில்லிலும் பெயர்ப்பலகையிலும் அந்த எண்ணை மட்டுமே அச்சிட்டிருந்தும், வாடிக்கையாளர்கள் இரவு நேரங்களில் என் சொந்த எண்ணுக்கே அழைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சிம் உள்ள போன் என்பதால், நான் பேசும் அழைப்புகள் வேறு சிம்மிலிருந்து போகின்றனவோ என்று சந்தேகித்து, கடை எண்ணிலிருந்து மட்டுமே அழைப்பு போகும்படி மாற்றினேன், பயனில்லை. வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்தை மறைத்தேன்; படம் மறைந்ததே தவிர அழைப்புகள் குறையவில்லை.

விடை கல்லாப்பெட்டியின் மேலேயே ஒட்டியிருந்தது. பணம் அனுப்பிய ஒருவர் காட்டிய திரையில், என் பெயருக்குக் கீழே இருந்த யுபிஐ முகவரியில், '@' குறிக்கு முன்னால் என் சொந்த எண்ணின் 10 இலக்கங்களும் முழுதாக நின்றன. க்யூஆர் கட்டங்களுக்குள் பதிந்திருப்பது அந்த முகவரிதான் என்பதால், அட்டையில் எண்ணை அச்சிடாவிட்டாலும் ஸ்கேன் செய்பவருக்கு அது தெரிந்துவிடும்.

செயலியில் எண் இடம்பெறாத புதிய யுபிஐ முகவரி ஒன்றை உருவாக்கினேன். அதை முதன்மை முகவரியாக்கினால் மட்டும் போதாது; ஏற்கெனவே அச்சிட்ட அட்டை பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். (இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.) எனவே புதிய அட்டையை அச்சிட்டு ஒட்டி, பழைய முகவரியை நீக்கிவிட்டு, அமைப்புகளில் தனியாக இருந்த 'யுபிஐ எண்' வசதியையும் (மொபைல் எண்ணைக் கொண்டே பணம் பெற உதவுவது) முடக்கினேன். பணம் அனுப்பியவர்களின் செயலியில் உள்ள பழைய ரசீதுகளில் பதிந்த எண்ணை அழிக்க வழியில்லை. ஆனால் புதிதாக வருபவர்கள் இப்போது கடை எண்ணுக்கே அழைக்கிறார்கள், எனக்கும் நிம்மதி.