நூலகத் தன்னார்வலர்கள் தொடர்ந்து வர

வேலையை முதலில் எழுதுங்கள், ஆளைப் பிறகு தேடுங்கள். "உதவிக்கு வாருங்கள்" என்றால், வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டு மறுவாரம் வரமாட்டார். "சனிக்கிழமை 10 முதல் 12 வரை, திரும்பிவந்த நூல்களை அடுக்க 2 பேர்" என்று கேளுங்கள்.

அடுக்குவதில்தான் பிழைகள் அதிகம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் 512.3க்குப் பின்னால் 512.25ஐ வைத்துவிடுவார்கள், 25 பெரிதென்று தோன்றுவதுதான் காரணம். தசம எண் என்பதால் 512.25 முன்னால் வரவேண்டும். இடம் மாறிய நூலை நூலகத்தின் நூற்பட்டியல் "அலமாரியில் உள்ளது" என்றே காட்டும், வாசகரோ வெறுங்கையோடு திரும்புவார். எனவே முதல் சில நாட்கள், வைக்கும் ஒவ்வொரு நூலிலும் வண்ணச் சீட்டு ஒன்றைச் செருகச் சொல்லுங்கள். பணியாளர் சரிபார்த்தபின் எடுக்கட்டும்.

சிறுவர் கதைநேரத்துக்கு 30 நிமிடம் போதும். எப்போதும் 2 பெரியவர்கள் இருக்கட்டும். உறுப்பினர் படிவங்களை அங்கேயே வையுங்கள். காத்திருக்கும் பெற்றோர் நிரப்பித் தந்துவிடுவார்கள்.